மாஸ்டர், கொஞ்சம் கைய எடுங்க

மேடையில் ஏறியதும் நான் முதலில் தேடுவது கடவுளை அல்ல, பிளக் பொயின்டை.

அன்றைக்கும் அப்படித்தான். ஹட்டன் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற மண்டபம். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து ஒரு பொயின்டைக் கண்டுபிடித்து, கீபோர்டு வயரைச் சொருகிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற நேரம் பார்த்து, அறிவிப்பாளர் தம்பி மைக்கில் வாசிக்கத் தொடங்கினார்.

"இன்றைய நல்லிணக்கக் கலை விழாவில், முதலாவதாக, தோட்டத்து மாரியம்மன் கோவில் பஜனைக் குழு வழங்கும் 'தாயே தாயே'. இரண்டாவதாக, விகாரை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் வழங்கும் 'சாது சாது'. மூன்றாவதாக, தேவாலயப் பாடகர் குழு வழங்கும் 'மரியே மரியே'. மூன்றுக்கும் பக்கவாத்தியம், நம்ம மாஸ்டர்!"

சனம் கை தட்டியது. நான் பாதி எழும்பியபடியே நின்றுவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான்.

டோலக்கை மடியில் வைத்திருந்த அந்தோனி என் பக்கம் சாய்ந்தான். நான் வாசிக்கிற இடமெல்லாம் கூட வந்து தட்டுகிறவன். என் வண்டவாளம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"மச்சான், மூணும் ஒன்னுடா."

"தெரியும்டா."

"ஒரே மெட்டுடா."

"தெரியும்னு சொல்றேன்ல."

"இப்ப என்னா செய்யப் போற?"

"கரண்டு போகணும்னு வேண்டிக்க. ஒங்க சாமிகிட்ட வேண்டிக்க, அவருதான் ஒடனே கேப்பாரு."

"அவரு எப்பிடிடா கேப்பாரு? மூணாவது பாட்டு அவங்க அம்மாவுக்குடா."

எலி தின்ற இரண்டு கட்டை

போன கிழமை இந்தப் பத்தியில், செத்த வீட்டில் நான் பழக்கதோஷத்தில் கல்யாண ஊர்வலப் பாட்டைத் தொடங்கிய கதையைப் படித்த ஒருவர், "நீங்கள் சங்கீதம் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டிருந்தார். மரியாதையாகக் கேட்டாரா, நக்கலாகக் கேட்டாரா தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்தான். எங்கேயும் இல்லை.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. இருவருமே சந்தோஷமாகப் பிரிந்தோம். இன்றைக்கு என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "மாஸ்டர்" என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் மாஸ்டர்தான், டியூஷன் கொடுக்கிறவரும் மாஸ்டர்தான். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

நான் கற்றது பஜனை மடத்தில் கிடந்த ஒரு ஆர்மோனியத்தில். அதில் எலி இரண்டு கட்டைகளின் உள்ளே புகுந்து, வேண்டியதைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அந்த இரண்டையும் அமுக்கினால் காற்றுதான் வரும். அதனால் அவை இரண்டையும் தாண்டித் தாண்டி விரல் வைத்துப் பழகினேன்.

இன்றைக்கு எல்லாக் கட்டையும் உயிரோடு இருக்கிற ஜப்பான் கீபோர்டு என்னிடம் இருக்கிறது. ஆனாலும் என் விரல் அந்த இரண்டு இடத்துக்கும் போகாது. செத்தவர்களை மிதிக்கக்கூடாது என்பது போல் தாண்டிப் போகும்.

இப்போது புரிகிறதா, நான் போடுகிற மெட்டெல்லாம் ஏன் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது என்று? பழியை என் மேல் போடாதீர்கள். எலியைக் கேளுங்கள்.

ஒரே வெள்ளைச் சட்டை

சனங்கள் நினைக்கிறார்கள், பாட்டுக்காரன் பிழைப்பு குளுகுளு பிழைப்பு என்று. குளிர் என்னவோ உண்மை. அதிலும் ஹட்டன் மார்கழியில் விரல் பத்தும் பத்து குச்சிக்கிழங்கு மாதிரி விறைத்துப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். காலையில் தேவாலயத்தில் பூசைக்கு வாசிப்பேன். அது முடிந்ததும் ஏதாவது தோட்டத்தில் பிள்ளை பெரியவளான சடங்கு. சாயங்காலம் விகாரையில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்க வேண்டும். இடையில் எங்கேயாவது பஜனை. தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி மேடை, மத்தியானம் மற்றக் கட்சி மேடை. இரண்டு மேடையிலும் அதே அந்தோனி, அதே நான். எதிர்க்கட்சியைத் திட்டும்போது யாரைத் திட்டுகிறார்கள் என்று எங்களுக்கே குழம்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைச் சட்டைதான். சட்டைப் பையில் ஒரு பக்கம் திருநீறு மடித்த கடதாசி, மறுபக்கம் யாரோ கொடுத்த ஜெபமாலை. சலவைக்குப் போடும்போது வீட்டுக்காரி இரண்டையும் எடுத்து ஒரே டப்பாவில் போட்டு வைப்பாள்.

பின்னால் வாசிக்கிறவன் வேலை என்ன தெரியுமா? பாடுகிறவர் ஒரு வரியை மறந்தால், மறந்ததே சபைக்குத் தெரியாமல் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அவர் தும்மினால் அதை ஒரு மியூசிக்காக மாற்ற வேண்டும். அவர் சுருதி இறங்கினால் நாமும் கூடவே இறங்க வேண்டும், கிணற்றில் விழுந்தவனோடு குதிப்பது போல. நன்றாக முடிந்தால் அவருக்கு மாலை. கெட்டுப் போனால் எல்லோரும் கீபோர்டைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது உடம்பு சொல்வதைக் கேட்பதில்லை. கீபோர்டைத் தூக்கினால் தோள் கத்துகிறது. ஸ்டாண்டைத் தூக்கினால் இடுப்பு கத்துகிறது. இரண்டும் ஒரே சுருதியில் கத்துவதுதான் ஒரே ஆறுதல்.

வேலையும் குறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு டீஜே பையன்கள் வந்துவிட்டார்கள். சடங்கு வீட்டுக்கு ஒரு பென் டிரைவ் போதும். இன்னும் மனுசனை நம்பிக் கூப்பிடுகிற இடம் என்று எனக்கு மிஞ்சியது மூன்றுதான். அந்தக் கோவில், அந்த விகாரை, அந்தத் தேவாலயம். என் வீட்டில் அடுப்பு எரிவது அந்த மூன்று கல்லின் மேல்தான்.

மூன்றும் நோர்வூட் ரோட்டில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு மற்றது தெரியாது என்று நான் நம்பியிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கிடைத்த வரம்

ஒரு வருசம், கோவில் திருவிழாவுக்குப் புதிதாக ஒரு பாட்டு வேண்டும் என்று தலைவர் கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டேன். நாள் நெருங்குகிறது, மண்டையில் ஒன்றும் இல்லை. பழைய பாட்டுகளை உருட்டிப் பார்த்தேன். எல்லாம் எங்கேயோ கேட்ட பாட்டாகவே வந்தது.

ஒரு மத்தியானம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீயோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பஸ்ஸின் படியில் தொங்கியபடி கொண்டக்டர் பையன் போகிற ஊர்களைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"நோர்வூட்… நோர்வூட்… நோர்வூட்… பொகவந்தலாவ!"

முதல் நோர்வூட் தரையில். இரண்டாவது ஒரு படி மேலே. மூன்றாவது இன்னொரு படி மேலே. பிறகு பொகவந்தலாவ என்று வளைந்து வளைந்து கீழே இறங்கி, புறப்பட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"தாயே… தாயே… தாயே… மலையிறங்கி வா!"

வாசித்துப் பார்த்தால், எலி தின்ற இரண்டு கட்டையும் தேவையே இல்லை. கடவுளே பார்த்து அனுப்பியது போல இருந்தது.

தலைவர் கேட்டார், மெட்டு எப்படி வந்தது என்று. பஸ் ஸ்டாண்டில் என்று சொல்ல முடியுமா? "அம்மன் கனவுல வந்து பாடுனாங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார்.

பிறகு தேவாலயத்துத் திருநாளுக்குக் கேட்டார்கள். அதே மெட்டை இழுத்து மெதுவாக்கி, மணிச் சத்தம் வருகிற பட்டனை அமுக்கினேன். "மரியே… மரியே… மரியே… வழிகாட்ட வா!" ஃபாதரிடம், ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது இறங்கியது என்றேன்.

பிறகு வெசாக்குக்கு விகாரையில் கேட்டார்கள். புல்லாங்குழல் பட்டன். "சாது… சாது… சாது…" என்று அங்கே கும்பிடும்போது சொல்கிற வார்த்தையே தயாராக இருந்தது. மிச்ச வரிகளை, அங்கே ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிற சுமனா மிஸ் சிங்களத்தில் எழுதினார். அவருக்கு, அரசமரத்தடியில் நிற்கும்போது தோன்றியது என்றேன்.

பொய் என்று சொல்லாதீர்கள். விற்பனை என்று சொல்லுங்கள். துணிக்கடையில் ஒரே பீஸை மூன்று பேருக்குக் கிழித்துக் கொடுப்பதில்லையா?

இதில் ஒரு விசயம் எனக்குப் பெருமையாக இருந்தது. விகாரைப் பிள்ளைகள் அந்தப் பாட்டை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். தேவாலயத்தில் முன்னால் நின்று பாடுகிற மேரியும், நான் ஒரு தரம் வாசித்ததுமே கூடச் சேர்ந்து முழுவதையும் பாடிவிட்டார். நான் பழக்குகிற விதம் அப்படி என்று அந்தோனியிடம் அளந்துகொண்டிருந்தேன். அவன் டோலக்கின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

பைலாவில் ஓடிய சாது

விழாவை நடத்திய அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் மூன்று இடத்துக்கும் போய், "உங்க சமூகத்துக்கே சொந்தமான ஒரு பாட்டைக் கொண்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் தனித்தனியே என்னிடம், "நம்ம பாட்டுதான் மாஸ்டர், ரிகர்சல் வேணாம்" என்றார்கள். நம்ம பாட்டு என்றால் எது என்று நான் கேட்கவில்லை. ரிகர்சல் வேண்டாம் என்றதுதான் என் காதில் விழுந்தது.

முதலில் பஜனைக் குழு வந்தது. குழுவுக்குத் தலைவி பார்வதி. கொழுந்து பறிக்கிறவர். கையில் ஜால்ராவை எடுத்தால் அரை மைலுக்குக் கேட்கும். "தாயே தாயே" பாடினார். நான் எப்போதும் போல வாசித்தேன். மெட்டு கீழே இறங்கி வந்து உட்காருகிற இடத்தில் பார்வதியின் ஜால்ரா 'ணிங்' என்று விழும். அதுதான் அந்தப் பாட்டின் பொட்டு. மண்டபமே கைதட்டியது.

முன் வரிசையில் கோவில் தலைவர். பக்கத்துக் கதிரையில் ஃபாதர். அவருக்குப் பக்கத்தில் விகாரைப் பெரியவர். நடுவில் கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினர். நாலு பேருக்கும் எட்டுக் காது.

அடுத்தது பிள்ளைகள். நான் யோசித்தேன். மெட்டை மாற்ற முடியாது, வேகத்தை மாற்றலாம். கண்ணை மூடிக்கொண்டு தாளப் பட்டன் ஒன்றை அமுக்கினேன். பைலா வந்தது, கல்யாண வீட்டில் குடித்துவிட்டு ஆடுகிற தாளம்.

"மச்சான், சாமி பாட்டுடா!" என்றான் அந்தோனி.

"தட்டுடா!"

தட்டினான். வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் பூவோடு, கண்ணை மூடி நின்ற பிள்ளைகள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். பிள்ளைகள்தானே, சமாளித்து ஓடி வந்துவிட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி சாது சாது சாது என்று ஓடி, அரைவாசி நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது. பின் வரிசையில் ஒரு சின்னவன் இடுப்பை ஆட்டினான். மேடையோரம் நின்ற சுமனா மிஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கைய எடுங்க

மூன்றாவதாக மேரியும் தேவாலயக் குழுவும் ஏறினார்கள். மேரி வெள்ளைச் சேலை கட்டி, தலையில் லேஸ் துணி போட்டிருந்தார். அவரை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களில் எங்கே இருப்பார், என்ன வேலை செய்வார் என்று யோசித்ததே இல்லை. பூசைச் சாமான்களோடு அவரையும் தேவாலயத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன் போல.

இந்தப் பாட்டில் வேகத்தைக் கூட்ட முடியாது. அதனால் வழியை மாற்றினேன். மேலே ஏற வேண்டிய இரண்டாவது மரியேயைக் கீழே இறக்கினேன். மூன்றாவதை எங்கேயோ பக்கவாட்டில் தள்ளினேன். முதல் முறையாக, எலி தின்ற அந்த இரண்டு கட்டையிலும் விரல் வைத்தேன். முன்னால் ஒரு நீளமான மியூசிக். நானே அதற்கு முன் கேட்டிராத மியூசிக்.

மேரி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து "மரி…" என்றார். அவர் ஏறினார், நான் இறங்கினேன். பின்னால் நின்ற குழு ஆளுக்கொரு பக்கம் போனது. மேரி அடியோடு நின்றுவிட்டார்.

நான் நிறுத்தவில்லை. அவர் மறந்துவிட்டார், நான் நிரப்புகிறேன் என்று சபை நினைக்கட்டும் என்று வாசித்துக்கொண்டே போனேன். இத்தனை வருசமாகச் செய்த வேலைதானே.

மேரி திரும்பி என்னைப் பார்த்தார். மைக் வாய்க்குக் கிட்ட இருந்ததை மறந்துவிட்டார்.

"மாஸ்டர், கொஞ்சம் கைய எடுங்க."

மண்டபத்தின் நாலு மூலைப் பெட்டியிலும் அது கேட்டது.

எடுத்தேன். மேடையில், கீபோர்டுக்கு முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இடுப்பில் சாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல. அந்தோனியும் கையை எடுத்துவிட்டான். மழை மட்டும் தாளம் போட்டது.

மேரி பாடத் தொடங்கினார். நான் வழக்கமாகப் பிடிக்கிற சுருதியில் இல்லை. அதைவிடக் கீழே, அவர் பேசுகிற குரலுக்குப் பக்கத்தில். முதல் மரியே தரையில். இரண்டாவது ஒரு படி மேலே. மூன்றாவது இன்னொரு படி. அவசரமே இல்லை. பழக்கப்பட்ட படிக்கட்டில் இருட்டில் நடக்கிறவர் மாதிரி, கால் வைக்கிற இடம் தெரிந்து பாடினார். இவ்வளவு நாளும் இந்தக் குரலின் மேல் நான் மணிச் சத்தத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மெட்டை வெளியிலிருந்து முதன் முதலாகக் கேட்டேன். நல்ல மெட்டுதான்.

அது வளைந்து கீழே இறங்கியது. வந்து உட்காருகிற இடத்தில், சபைக்குள்ளே எங்கிருந்தோ, 'ணிங்'.

பார்வதி. மடியில் கிடந்த ஜால்ரா, அவர் கை, அதே இடம். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். முதல் பாட்டில் அந்த இடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்ட அத்தனை பேரும் இப்போது திரும்பவும் கேட்டுவிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த விகாரைப் பிள்ளைகளின் தலை எல்லாம் ஒன்றாக ஆடியது. அடுத்த முறை மெட்டு இறங்கியபோதும் 'ணிங்'. அதற்கடுத்த முறையும்.

பாட்டு முடிந்தது. முன் வரிசையைப் பார்த்தேன். கோவில் தலைவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் கண்ணை மூடியிருந்தார், ஜெபமா தூக்கமா தெரியவில்லை. விகாரைப் பெரியவர் சிரித்தார். அவர் எப்போதும் சிரித்த முகம்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பிரதம விருந்தினர் எழும்பிப் பேசினார். "மூன்று மதங்கள், மூன்று மொழிவழக்குகள், ஒன்றுக்கொன்று கொஞ்சமும் சம்பந்தமில்லாத மூன்று தொன்மையான இசை மரபுகள்! மூன்றும் இன்று ஒரே மேடையில்!"

அந்தோனி டோலக்குக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது.

ஒரே குடை

பஸ் ஸ்டாண்டு நானாவின் டீக்கடையில் ஒதுங்கினோம். கீபோர்டை நனையாமல் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிளேன்டீயைக் கையில் வைத்து விரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். கந்தோர்க்காரர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன? பார்வதிக்குத் தெரிந்துவிட்டது. இன்று ராத்திரி தலைவருக்குத் தெரியும். நாளைக்கு ஃபாதருக்கு. ஒரு கல் உருண்டால் அடுப்பு நிற்காது.

அப்போது ஒரு குடை கடைக்குள் நுழைந்தது. குடைக்குக் கீழே பார்வதியும் மேரியும். பின்னாலேயே இன்னொரு குடையில் சுமனா மிஸ்.

"என்னா மாஸ்டர், ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார் பார்வதி.

"இல்லையே, ஏங்க?"

"புள்ளைங்க பாட்ட பைலாவாக்கிட்டீங்க. மேரி பாட்ட என்னாவாக்குனீங்கன்னு இன்னும் வெளங்கல. அதான் காய்ச்சலோன்னு பாத்தேன்."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். "நீங்க ரெண்டு பேரும்… தெரிஞ்சவங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"தெரிஞ்சவங்களாவா? ஒரே லயம் மாஸ்டர். பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நடுவுல ஒரு செவுரு, அதுவும் கூரை வரைக்கும் இல்ல. அவ அங்க வெங்காயம் அரிஞ்சா எனக்கு இங்க கண்ணு எரியும்."

அந்தோனி டீக்குள் மூக்கை விட்டுக்கொண்டான். நானும் அப்படித் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு லயத்தில் பிறந்தவன்தான். வெளியே வந்து நோர்வூட்டில் ஒரு கடைக்குப் பின்னால் குடியிருக்கத் தொடங்கி வெகு காலமாகிவிட்டது. சுவர் எவ்வளவு உயரம் என்பதை மறந்துவிட்டேன்.

"அப்ப பாட்டு…"

"அவ காலையில தாயேங்கிறா, நான் சாயந்தரம் மரியேங்கிறேன்" என்றார் மேரி. "எங்க வீட்டுக்காரரு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் கொறட்டை விடுறாரு."

"எப்ப இருந்து தெரியும்?"

"நீங்க சர்ச்சுல மொதல்ல வாசிச்சீங்களே, அன்னைக்கே. அதனாலதானே கூடவே பாடிட்டேன். இல்லாட்டி நான் ஒரு பாட்டப் புடிக்க ஒரு மாசம் எடுப்பேனே."

நான் சுமனா மிஸ் பக்கம் திரும்பினேன்.

"அனே மாஸ்டர், கோவில் ஸ்பீக்கர் நம்ம பன்சலைக்கு நேரா தானே கட்டியிருக்கு? புள்ளைங்களுக்கு அது முந்தியே பாடம். நமக்கு லேசா போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா பைலா வேணாம், சரியா?" என்றார்.

நான் பழக்குகிற விதத்தைப் பற்றி அளந்ததெல்லாம் டீயோடு சேர்ந்து தொண்டையில் இறங்கியது.

"யாருமே ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னாத்த சொல்றது?" என்றார் மேரி. "நல்ல மெட்டு. அவ வச்சிருக்கா, நானும் வச்சிருக்கேன். அம்மி கூட எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒன்னுதான். ஃபாதரு அப்பப்ப சொல்லுவாரு, மாஸ்டருக்கு ஜெபத்துல எறங்குன மெட்டுன்னு. நாங்க ஆமென்னு சொல்லிருவோம்."

"தலைவரு கனவுங்கிறாரு" என்றார் பார்வதி. "நாங்க அரோகரா போட்டுருவோம்."

சிரித்தார்கள். பிறகு மேரி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஈரமான லேஸ் துணியைத் தலையிலிருந்து எடுத்து மடித்தார்.

"ஆனா மாஸ்டர், கோவமாத்தான் இருக்கு. அவ்வளவு சனத்துக்கு முன்னாடி ஊமை மாதிரி நிக்க வச்சிட்டீங்க. ஒரே மெட்டுங்கிறதுக்கு இல்லீங்க. நீங்க அத ஒளிச்சதுக்கு. போட்டவரே வெக்கப்பட்டா, பாடுறவங்க எப்பிடிங்க வாயத் தொறக்கிறது?"

எவன் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு கோணல் பேச்சு வைத்திருப்பவன் நான். அன்று டம்ளரின் அடியில் கிடந்த தேயிலைத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழமை…" என்று இழுத்தேன்.

"வாங்க. வராம? பழைய மாதிரியே வாசிங்க. கொஞ்சம் கீழ புடிங்க, என் தொண்டைக்கு அதான் நல்லாருக்கு. இத்தன வருசமா சொல்லணும்னு இருந்தேன்."

பார்வதி குடையை உதறினார். "வெள்ளிக்கெழமை கோவிலுக்கும் வந்துருங்க மாஸ்டர். அது சரி, கனவுல வந்துச்சுன்னு எப்பிடிங்க கூசாம சொன்னீங்க? அது பஸ்ஸுக்காரன் கூப்புடுறதுதானே?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தோனிக்குக்கூட நான் சொல்லாத ரகசியம் அது.

"மச்சான், நெசமாவாடா?" என்றான் அந்தோனி.

வெளியே பஸ் உறுமியது. படியில் ஒரு பையன் தொங்கினான். பழைய கொண்டக்டர் இல்லை, அவன் மகன் வயசில் ஒருத்தன்.

"நோர்வூட்… நோர்வூட்… நோர்வூட்… பொகவந்தலாவ!"

கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. கீபோர்டை உறையோடு மடியில் கிடத்திக்கொண்டேன். முழங்கால் வலித்தது. கண்ணாடிக்கு வெளியே தேயிலை மலையெல்லாம் ஒரே ஈரம். எனக்கு முன் சீட்டில் மேரி ஜன்னலில் தலையைச் சாய்த்து, யாருக்கும் இல்லாமல், வார்த்தையும் இல்லாமல், மெதுவாக முனகத் தொடங்கினார். தரையில் ஒன்று. ஒரு படி மேலே ஒன்று.

என் விரல்கள் உறையின் மேல் தாமாகவே அசைய ஆரம்பித்தன.

மேரி திரும்பிப் பார்த்தார்.

நான் கையை எடுத்துவிட்டேன்.